இடுப்பு வலிக்கு அக்குபங்சர்: மடுகரையிலிருந்து ஒரு மதிப்பீடு

புதுச்சேரியின் மடுகரையிலும் சுற்று ஊர்களிலும் வலிக்கு வைத்தியம் பார்க்கும் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் தைலமும் வெந்நீர் ஒற்றடமும். அடுத்து மருந்துக்கடையில் "இடுப்பு வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்று கேட்டு வாங்குவது. அதற்கும் அடங்காவிட்டால் கிளினிக்கில் ஒரு ஊசி. பிறகு எக்ஸ்ரே, அதைப் பார்த்துவிட்டு "தேய்மானம்" என்று ஒரு பதில். சிலர் நடுவில் சுளுக்கு எடுப்பவரிடமோ வர்மம் பார்ப்பவரிடமோ போய் வருவார்கள். இத்தனையும் முடிந்த பிறகுதான், "அக்குபங்சர் பாத்தா நல்லாயிருக்காம்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்ல, பஸ் ஏறுகிறார்கள்.

இப்படிக் கடைசியாக வந்து சேர்வதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. நாள்பட்ட வலி ஒரே அளவில் இருப்பதில்லை, ஏறும், இறங்கும். தாங்க முடியாத உச்சத்தில்தான் மனிதர்கள் புது வைத்தியம் தேடுகிறார்கள். உச்சத்தில் இருக்கும் வலி, ஒன்றும் செய்யாவிட்டாலும் அடுத்த சில வாரங்களில் ஓரளவு தணியும். தணிந்ததற்கான பெயரை அப்போது யாரிடம் போனோமோ அவர் எடுத்துக்கொள்வார். "எனக்குச் சரியாச்சு" என்று ஒரு பெண் சொல்வதை நான் பொய் என்று நினைக்கவில்லை. அவள் வலி குறைந்தது உண்மை. எதனால் குறைந்தது என்பதை அவள் ஒருத்தியின் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுகள் வேண்டியிருக்கின்றன.

அந்த ஆய்வுகளுக்குள் போகும் முன், யாருக்காக இந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நெட்டப்பாக்கம், பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் நடவுக்குப் போகும் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். முட்டியை மடக்காமல் இடுப்பிலிருந்து முன்னால் வளைந்து, இடது கையில் நாற்றுமுடி, வலது கையால் நட்டுக்கொண்டே பின்னோக்கி நகர்கிறாள். ஒவ்வொரு அடிக்கும் சேற்றிலிருந்து காலை இழுத்து எடுக்கும்போது முட்டி ஒரு சுற்றுத் திருகுகிறது. வரப்பேறும்போது ஒரு கையை முட்டியில் ஊன்றி, இன்னொரு கையால் இடுப்பை அழுத்திக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிமிர்கிறாள். இரவில் அந்த இடுப்பு எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் விடுவதில்லை. நடுராத்திரிக்கு மேல் கண் அசந்தால், விடிவதற்கு முன்பே எழுந்து சமைத்து வைத்துவிட்டுப் போக வேண்டும். சாராயக்கடை அனுமதியோடு நடக்கும் பிரதேசம் இது. வீட்டுக்காரர் எந்த நிலையில் வந்து சேருவார் என்று காத்திருக்கும் இரவுகளும் இதில் சேர்த்தி. கொஞ்ச நாளில் நெஞ்சு படபடப்பு வருகிறது. வலி, படபடப்பு, தூக்கமின்மை என்று மருத்துவப் புத்தகம் மூன்று அத்தியாயங்களாகப் பிரிப்பது இவளுக்கு ஒரே உடம்பில், ஒரே கதையாக நடக்கிறது. தூக்கம் கெட்டால் வலியைத் தாங்கும் சக்தி குறைகிறது, வலி தூக்கத்தைக் கெடுக்கிறது, பதற்றம் இரண்டையும் கூட்டுகிறது. மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறோம் என்று சொல்லும் ஒருங்கிணைந்த மருத்துவத்தின் பக்கம் மக்கள் சாய்வதில் நியாயம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் எலும்புக்கு ஒரு வரிசை, தூக்கத்துக்கு வேறொரு வரிசை, மனசுக்கு இன்னொரு கட்டடம்.

அக்குபங்சர் நம் பக்கம் வந்த வழி சுருக்கமாக. 1938-ல் சீனாவுக்குப் போன இந்திய மருத்துவக் குழுவில் டாக்டர் கோட்னிஸுடன் இருந்தவர் கல்கத்தாவைச் சேர்ந்த டாக்டர் பிஜய் குமார் பாசு. அவர் பிறகு மறுபடியும் சீனா சென்று அக்குபங்சர் கற்று வந்து, 1959-ல் இந்தியாவில் அதைத் தொடங்கினார். மேற்கு வங்கம் 1996-ல் இதற்கென்று தனிச் சட்டமே இயற்றியது. தெற்கே இலங்கையில், கொழும்பு களுபோவில அரசு மருத்துவமனையில் டாக்டர் அன்டன் ஜயசூரிய நடத்திய பயிற்சி பல நாட்டவரை இழுத்தது. மத்திய அரசு 2003 நவம்பரில் பதிவுபெற்ற மருத்துவர்களோ தகுந்த பயிற்சி பெற்றவர்களோ செய்யலாம் என்று அனுமதித்தது. 2019 பிப்ரவரியில் தனி மருத்துவ முறையாகவே ஏற்றது. இயற்கை மருத்துவம், யோகா படிக்கும் பி.என்.ஒய்.எஸ். மாணவர்களுக்கு இது பாடத்திட்டத்தில் இருக்கிறது. ஆகவே "இது சட்டவிரோதம்" என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியாது. சட்டம் ஏற்றதாலேயே பலன் உண்டு என்றும் ஆகிவிடாது.

பலனைப் பார்ப்போம். வலி விஷயத்தில் அதிகம் ஆய்வு செய்யப்பட்ட மாற்று மருத்துவங்களில் ஒன்று அக்குபங்சர். ஆண்ட்ரூ விக்கர்ஸ் என்ற புள்ளியியலாளரின் தலைமையில் ஒரு குழு, முதுகு, கழுத்து, முட்டி, நாள்பட்ட தலைவலி ஆகியவற்றுக்கான தரமான ஆய்வுகளை மட்டும் எடுத்து, ஒவ்வொரு நோயாளியின் தகவலையும் தனித்தனியாக வாங்கிச் சேர்த்துக் கணக்கிட்டது. 2012-ல் 29 ஆய்வுகள், 17,922 பேர். 2018-ல் 39 ஆய்வுகள், 20,827 பேர். அவர்கள் விளக்கத்துக்காகத் தந்த ஒரு கணக்கை இங்கே சொன்னால் எல்லாம் புரிந்துவிடும். வலி பாதியாகக் குறைவதை வெற்றி என்று வைத்துக்கொண்டால், அக்குபங்சர் செய்யாதவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 30 பேருக்கு அது கிடைக்கிறது. போலி அக்குபங்சர் (புள்ளி இல்லாத இடத்திலோ தோலைத் துளைக்காமலோ ஒப்புக்குச் செய்வது) செய்துகொண்டவர்களில் 42 அல்லது 43 பேருக்கு. உண்மையான அக்குபங்சர் செய்துகொண்டவர்களில் 50 பேருக்கு.

இந்த மூன்று எண்களையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். 30-லிருந்து 50-க்குப் போவது சின்ன விஷயம் இல்லை. நாள்பட்ட வலிக்குப் பல மாத்திரைகளும் இதைவிடப் பெரிதாகச் சாதித்துவிடுவதில்லை. ஆனால் அந்த 20 பேரில் 12 பேருக்கு மேல் போலி ஊசியிலேயே கிடைத்துவிடுகிறார்கள். சரியான புள்ளி, சரியான ஆழம், சக்தி ஓட்டம் என்று சொல்லப்படும் எல்லாவற்றுக்கும் சேர்த்து மிச்சமிருப்பது ஏழு எட்டுப் பேர். மிச்சம் பூஜ்யம் இல்லை என்பதை அக்குபங்சரை எதிர்ப்பவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது என்பதை அக்குபங்சர்காரர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஜெர்மனியில் 1,162 கீழ்முதுகு (இடுப்பு) வலிக்காரர்களிடம் நடந்து 2007-ல் வெளியான ஆய்வு இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. ஆறு மாதம் கழித்துப் பலன் கண்டவர்கள்: உண்மை ஊசியில் 47.6 சதவீதம், புள்ளி இல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்திய போலி ஊசியில் 44.2, வழக்கமான மருந்தும் உடற்பயிற்சியும் பிசியோதெரபியும் பெற்றவர்களில் 27.4. புள்ளி சரியா தவறா என்பது ஏறக்குறைய ஒரு பொருட்டாகவே இல்லை. ஆனாலும் இரண்டு வகை ஊசியும் வழக்கமான வைத்தியத்தை நன்றாகவே முந்துகின்றன. இது போன்ற ஆய்வுகளை வைத்தே ஜெர்மனியின் காப்பீட்டு நிறுவனங்கள் முதுகுவலிக்கும் முட்டித் தேய்மானத்துக்கும் பணம் தரத் தொடங்கின.

அடுத்த ஆய்வுதான் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் நேராகப் பொருந்துவது. அமெரிக்காவில் டேனியல் செர்கின் குழு 2009-ல் வெளியிட்டது. 638 பேர். ஒரு பகுதியினருக்கு ஆளுக்கேற்ற அக்குபங்சர், ஒரு பகுதியினருக்கு எல்லோருக்கும் பொதுவான அக்குபங்சர். மூன்றாவது பகுதியினருக்கு, குப்புறப் படுக்கவைத்து, ஊசி செலுத்தும் குழாய்க்குள் ஒரு பல்குச்சியை விட்டு, தோலில் பட்டதும் லேசாகத் திருகி எடுத்தார்கள். தோலைத் துளைக்கவே இல்லை. நான்காவது பகுதியினருக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். முதுகுவலியால் நடமாட்டம் எவ்வளவு தடைபடுகிறது என்று அளக்கும் அளவுகோலில் எட்டு வாரம் கழித்து முதல் மூன்று பகுதியினருக்கும் நான்கரைப் புள்ளி அளவில் முன்னேற்றம். நான்காவது பகுதியினருக்கு 2.1. பல்குச்சிக்கும் ஊசிக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

தமிழ்நாட்டில் பரவியிருக்கும் ஒரு கிளை, ஊசியையே விட்டுவிட்டு நாடி பிடித்து ஒரு புள்ளியை விரலால் தொட்டு அனுப்புகிறது. நோய்க்குப் பெயர் வேண்டாம், ஸ்கேன் வேண்டாம், ஒரு தொடுதல் போதும் என்பது அதன் வாதம். செர்கின் ஆய்வில் போலியாக வைக்கப்பட்ட பல்குச்சிக்கும் இந்தத் தொடுதலுக்கும் உடலளவில் வேறுபாடு காண்பது கடினம். இதிலிருந்து இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. தொட்டதால் வலி குறைந்தது என்று சொல்கிறவர்கள் ஏமாறவில்லை, அந்த அளவு பலன் அப்படியும் கிடைக்கும் என்று ஆய்வே சொல்கிறது. ஆனால், நாடியில் எந்த உறுப்பின் சக்தி குறைந்திருக்கிறது என்று கண்டுபிடித்து அதற்கான ஒரே புள்ளியைத் தொட்டதால்தான் பலன் என்ற கோட்பாடு இங்கே உடைகிறது. ஆளுக்கேற்ற அக்குபங்சர் பொதுவான அக்குபங்சரையே முந்தவில்லை என்றால், நாடியால் தேர்ந்தெடுத்த புள்ளிக்குத் தனி மகிமை எங்கிருந்து வரும்?

அப்படியானால் பலன் எதிலிருந்து வருகிறது? ஹார்வர்டில் டெட் கேப்சுக் குழு 2008-ல் குடல் எரிச்சல் நோயாளிகள் 262 பேரிடம் செய்து பார்த்தது. காத்திருக்க வைக்கப்பட்டவர்களில் 28 சதவீதம் பேர் போதிய நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னார்கள். போலி ஊசி மட்டும் பெற்றவர்களில் 44. அதே போலி ஊசியோடு, மருத்துவர் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டு, அக்கறையாகப் பேசிய நோயாளிகளில் 62. ஊசி பெற்ற இரண்டு பகுதியினருக்கும் அது போலிதான். கேட்பதுதான் கூடியது. நம் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு ஒரு மருத்துவரிடம் கிடைக்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். பெயர் கேட்டு, எங்கே வலி கேட்டு, சீட்டு எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அக்குபங்சர் பார்ப்பவர் அவளைப் படுக்க வைக்கிறார், மணிக்கட்டைப் பிடிக்கிறார், "எப்ப இருந்து? தூக்கம் எப்படி? பசிக்குதா? வீட்ல யாரெல்லாம்?" என்று கேட்கிறார். அரை மணி நேரம் மின்விசிறிக்குக் கீழ் யாரும் கூப்பிடாமல் படுத்திருக்கிறாள். பல பெண்களுக்கு அந்த வாரத்தில் கிடைத்த ஒரே ஓய்வு அதுவாக இருக்கலாம். இதை "வெறும் மனப்பிராந்தி" என்று தள்ளுகிற டாக்டர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. தங்கள் வரிசையில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கிறது என்பதை அவர்கள் முதலில் பார்க்க வேண்டும்.

உடலளவிலும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஊசி குத்தி எடுப்பதால் மூளையிலும் தண்டுவடத்திலும் வலியைத் தணிக்கும் வேதிப்பொருட்கள் சுரக்கின்றன என்பதற்கு 1970-களிலிருந்தே ஆய்வுகள் உண்டு. 2010-ல் எலிகளிடம், குத்திய இடத்தில் அடினோசின் கூடுவது காட்டப்பட்டது. ஆனால் இவற்றில் எதற்கும் அக்குபங்சர் சொல்லும் 12 நாடிப் பாதைகளோ சக்தி ஓட்டமோ தேவைப்படவில்லை. அந்த வரைபடம் பழைய சீன மருத்துவர்கள் அவர்கள் காலத்து அறிவில் வரைந்தது. மரியாதையோடு பார்க்கலாம், நோய் கண்டுபிடிக்க அதை நம்பக் கூடாது.

மருத்துவ வழிகாட்டிகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016-ல் முதுகுவலிக்கு அக்குபங்சர் வேண்டாம் என்றது. 2022-ல் மூட்டுத் தேய்மானத்துக்கும் வேண்டாம் என்றது. இடையில் 2021-ல், வேறு காரணம் தெரியாத நாள்பட்ட வலிக்கு மட்டும் பரிசீலிக்கலாம் என்று சொல்லி, மொத்தம் 5 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பும் வைத்தது. அதே வழிகாட்டியில் பாராசிட்டமால், வலிநிவாரணிகள், ஓபியாய்டு எதையும் அந்த வகை வலிக்குத் தொடங்க வேண்டாம் என்றும் எழுதியது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட முதுகுவலி வழிகாட்டியில் உடற்பயிற்சி, விளக்கிச் சொல்லுதல், மனநல உத்திகள் ஆகியவற்றோடு ஊசி சிகிச்சையையும் சேர்த்துக்கொண்டது. ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020 அறிக்கை, முதுகுவலிக்கான 33 ஆய்வுகளில் 8,270 பேரைப் பார்த்துவிட்டு, போலி ஊசியைவிட அர்த்தமுள்ள அளவு மேல் இல்லை, ஒன்றும் செய்யாததைவிட மேல் என்றது. இந்த முரண்களுக்குக் காரணம் தரவு அல்ல, கேள்வி. போலியை முந்துகிறதா என்று கேட்டால் ஒரு பதில், வழக்கமான வைத்தியத்தை முந்துகிறதா என்று கேட்டால் வேறு பதில். மடுகரைப் பெண்ணுக்கு இரண்டாவது கேள்விதான் வாழ்க்கைக் கேள்வி. முதல் கேள்வி, வைத்தியர் சொல்லும் விளக்கத்தை நம்பலாமா என்பதற்கு.

ஒற்றைத் தலைவலியில் நிலைமை கொஞ்சம் தெளிவு. காக்ரேனின் 2016 ஆய்வில், தலைவலி வரும் நாட்கள் பாதியானவர்கள் உண்மை ஊசியில் 50 சதவீதம், போலியில் 41 சதவீதம். தடுப்பு மாத்திரைகளுக்கு ஈடாகவும் இருந்தது, பக்கவிளைவு குறைவு. தலைவலிக்காகத் தினமும் மாத்திரை விழுங்குகிறவர் இதை முயன்று பார்க்கச் சொன்னால் நான் தடுக்க மாட்டேன்.

எதற்கு எதிராக எடைபோடுகிறோம் என்பதும் முக்கியம். எங்கள் ஊர்களில் அக்குபங்சருக்கு எதிர்த் தட்டில் இருப்பது நல்ல பிசியோதெரபி இல்லை, சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபெனாக். வெயிலில் வியர்த்து, போதிய தண்ணீர் குடிக்காமல், வெறும் வயிற்றில், மாதக்கணக்கில் அதை விழுங்கினால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும், ரத்த அழுத்தம் ஏறும். சில இடங்களில் "நல்லா கேக்குது" என்று வாங்கும் மாத்திரையில் ஸ்டீராய்டு இருக்கிறது. முகம் வீங்கி, சர்க்கரை ஏறி, எலும்பு மெலிந்த பிறகுதான் தெரியவருகிறது. அந்தத் தட்டோடு ஒப்பிட்டால், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சுத்தமான ஊசியும் பயிற்சி பெற்ற கையும் இருந்தால், அக்குபங்சர் பாதுகாப்பானது. ஊசி புதிதாகப் பிரிக்கப்பட்டதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். முதுகிலும் மார்பிலும் ஆழக் குத்துகிறவரிடம் போக வேண்டாம். நுரையீரலில் துளை விழுந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

ஆனால் உண்மையான ஆபத்து ஊசியில் இல்லை, ஊசி போடுகிறவர் சொல்லும் ஒரு வாக்கியத்தில் இருக்கிறது: "இங்க்லீஷ் மருந்தை நிறுத்திடுங்க." சர்க்கரை மருந்தை, தைராய்டு மாத்திரையை, வலிப்பு மருந்தை, ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் வலிக்கு எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரிடமிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். 2018-ல் திருப்பூரில் மருத்துவ உதவி இல்லாமல் வீட்டிலேயே நடந்த பிரசவத்தில் ஒரு இளம்பெண் இறந்தார். அதை அடுத்துக் கோவையில், வீட்டுப் பிரசவப் பயிற்சிக்கு விளம்பரம் செய்தவர் கைதானார். உடம்பு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும், டாக்டர் எதற்கு என்ற பேச்சு எங்கே போய் நிற்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை. முதுகுவலிக்கும் இது பொருந்தும். காய்ச்சலோடு வரும் முதுகுவலி, எடை குறைதல், இரவில் எழுப்பும் வலி, காலில் மரத்துப்போதல், சிறுநீர் மலம் கட்டுப்பாடு போதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் முதுகெலும்புக் காசநோயோ புற்றுநோயோ நரம்பு அழுத்தமோ இருக்கலாம். நாடி பார்த்து இவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. முதல் வேலையாக நெட்டப்பாக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஜிப்மர் மருத்துவமனைக்கோ போக வேண்டும்.

படபடப்புக்கும் தூக்கத்துக்கும் வரும்போது என் குரல் மாறுகிறது. இங்கே அக்குபங்சருக்கான ஆதாரம் மெலிந்தது. சிறு ஆய்வுகள், அவற்றில் பல சீனாவில் நடந்தவை. சீனாவில் வெளியான அக்குபங்சர் ஆய்வுகள் அத்தனையும் சாதகமாகவே முடிந்திருந்தன என்று 1998-லேயே விக்கர்ஸ் எச்சரித்தார். எல்லாப் பரீட்சையிலும் நூற்றுக்கு நூறு வாங்கும் பள்ளிக்கூடத்தின் விடைத்தாளைத்தான் முதலில் திருத்திப் பார்க்க வேண்டும்.

பதற்றத்துக்கு இதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன, அவை விலை குறைந்தவையும்கூட. 2022-ல் 276 பேரிடம் நடந்த ஆய்வில், எட்டு வாரத் தியானப் பயிற்சி, பதற்றத்துக்குத் தரும் எஸ்சிடலோபிராம் மாத்திரைக்கு ஏறக்குறைய சமமாக நின்றது. 2020-ல் 226 பேரிடம் நடந்த இன்னொன்றில், யோகா செய்தவர்களில் 54 சதவீதம் பேருக்குப் பலன், மனநலப் பேச்சு சிகிச்சையில் 71 சதவீதம், வெறும் விளக்க வகுப்பில் 33. இந்த வரிசை, நேர்மையாகப் பார்த்தால், யோகாவுக்கு இடம் தருகிறது, ஆனால் முதலிடம் தரவில்லை. யோகா நம்முடையது என்பதால் முதலிடம் கொடுத்துவிட வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இது கசக்கலாம்.

தூக்கத்தில் இடைவெளி இன்னும் தெளிவு. புற்றுநோயிலிருந்து மீண்ட 160 பேரிடம் அக்குபங்சரையும், தூக்கத்துக்கான நடத்தை சிகிச்சையையும் நேருக்கு நேர் வைத்து 2019-ல் வெளியான ஆய்வில், தூக்கமின்மை அளவு நடத்தை சிகிச்சையில் 10.9 புள்ளியும் ஊசியில் 8.3 புள்ளியும் குறைந்தது. ஊசியும் உதவியது, ஆனால் நடத்தை சிகிச்சை கூடுதலாக உதவியது. அந்தச் சிகிச்சையில் மருந்தே இல்லை. தூக்கம் வந்தால்தான் படுக்கைக்குப் போவது, வராவிட்டால் எழுந்து உட்காருவது, எப்போது தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுவது, பகல் தூக்கத்தை விடுவது, படுக்கையில் கிடக்கும் நேரத்தைத் தூங்கும் நேரத்துக்கு ஏற்பக் குறைப்பது. கேட்டால் கடுமையாக இருக்கும், முதல் இரண்டு வாரம் கஷ்டமும் படுத்தும். இதைத் தமிழில், கிராமத்துப் பெண்ணுக்குப் புரியும்படி சொல்லித்தரும் செவிலியர் ஒருவர் ஒரு சுகாதார நிலையத்தில் இருந்தால், தூக்கத்துக்காக வாங்கும் அல்பிரசோலம் மாத்திரையில் பலர் சிக்கிக்கொள்வதைத் தடுக்கலாம்.

ஆனால் ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். குடித்துவிட்டு வரும் கணவனுக்காகக் கதவைப் பார்த்தபடி விழித்திருப்பவளுக்கு எந்தத் தூக்க சிகிச்சையும் முழுதாக உதவாது. அவளுடைய தூக்கமின்மையை அவள் உடம்பின் நோயாக மட்டும் எழுதுவது அநியாயம். நடவு நாட்களில் அக்குபங்சர் முடித்து மறுநாள் மறுபடியும் எட்டு மணி நேரம் குனிகிறவளுக்கும் இதே பதில்தான். வலியைத் தந்த வேலை அப்படியே இருக்கும்போது, ஊசி தரும் நிவாரணம் அடுத்த நடவு வரைக்கும்தான்.

புதுச்சேரிக்கு இதில் ஒரு வசதி உண்டு. யூனியன் பிரதேசம் சின்னது, மருத்துவ நிறுவனங்கள் அதிகம். ஜிப்மரில் 2008-லேயே யோகா சிகிச்சைக்கான மையம் தொடங்கப்பட்டது. பாகூர் கொம்யூன் பக்கம் பிள்ளையார்குப்பத்தில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியில் யோகா சிகிச்சைக்குத் தனி மையமே இருக்கிறது. வில்லியனூர்ப் பக்கம் இராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராமப்புற நல மையம் பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. குறை எங்கே என்றால், இவை எல்லாம் ஒருவருக்கொருவர் நோயாளியை அனுப்பிக்கொள்வதில்லை. யோகா ஒரு கட்டடத்தில், பிசியோதெரபி ஒரு கட்டடத்தில், மனநலம் இன்னொன்றில். மடுகரைக்காரிக்குப் பஸ் ஏறிப் போய்வர அரை நாள் கூலி போகும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போனால் அவளால் முடியாது. ஒருங்கிணைப்பு என்ற சொல்லுக்கு இங்கே ஒரே பொருள்தான் பயனுள்ளது: நெட்டப்பாக்கம், கரிக்கலாம்பாக்கம் போன்ற சுகாதார நிலையங்களில், வாரத்தில் ஒரே நாளில், ஒரு பிசியோதெரபிஸ்ட், யோகா சொல்லித்தருபவர், மனநல ஆலோசகர், மருத்துவர் நால்வரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பி.என்.ஒய்.எஸ். படித்தவர் ஒருவர் அங்கே அக்குபங்சரும் செய்யட்டும். அப்போது மருந்தை நிறுத்தச் சொல்லும் ஆபத்தும் குறையும், ஏனென்றால் பக்கத்து நாற்காலியில் மருத்துவர் இருப்பார்.

என் தீர்ப்பு இது. முதுகு, கழுத்து, முட்டி, ஒற்றைத் தலைவலிக்கு அக்குபங்சர் மிதமான, உண்மையான துணை. பலனில் பெரும்பகுதி கவனிப்பிலிருந்தும் ஓய்விலிருந்தும் வருகிறது, ஊசிக்கே உரியது சிறுபகுதி. பலன் கிடைக்கும்வரை போய்க்கொண்டே இருக்கக் கூடாது. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு 2020 முதல் முதுகுவலிக்கு 90 நாளில் 12 முறை வரை அனுமதித்து, முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்தச் சொல்கிறது. நம் கூலிக்கணக்குக்கு அதுவும் அதிகம். ஆறு முறைக்குள் வேலை செய்வதும் தூங்குவதும் கொஞ்சமாவது எளிதாகவில்லை என்றால் நிறுத்திவிடலாம். நாடி பார்த்து எல்லா நோயையும் கண்டுபிடிக்கலாம் என்ற கோட்பாடு நிற்கவில்லை. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் அக்குபங்சர் முதல் வழி இல்லை. தியானப் பயிற்சி, யோகா, பேச்சு சிகிச்சை, தூக்கத்துக்கான நடத்தைப் பயிற்சி ஆகியவை முன்னால் வர வேண்டும். மருந்தை நிறுத்தச் சொல்பவரை, அவர் டாக்டர் என்று போர்டு வைத்தாலும் ஹீலர் என்று வைத்தாலும், நம்ப வேண்டாம்.

இதைப் படிக்கிற யாருக்காவது நெஞ்சு படபடப்பும் தூக்கமின்மையும் வாரக்கணக்கில் விடாமல் இருந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் இலவசம். தமிழில் பேசலாம். வீட்டில் அம்மாவோ அக்காவோ அத்தையோ இருந்தால், அவர்களுக்கு நீங்களே அந்த எண்ணை அழைத்துக் கொடுங்கள். இடுப்பு வலிக்கு மாத்திரை வாங்கும்போது சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.